யாரை எப்போது பார்ப்பது? வடசென்னைச் சிறுதொழில் முதலாளிக்கு முன்னால் உள்ள மூன்று வழிகள்

வியாசர்பாடியில் லேத் பட்டறை, தண்டையார்பேட்டையில் அட்டைப்பெட்டித் தயாரிப்பு, திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் என்று ஐந்து முதல் பதினைந்து ஆட்களை வைத்துத் தொழில் நடத்துபவரின் பகல் பொழுது பெரும்பாலும் வருகிறவர் போகிறவர் கையில்தான் இருக்கிறது. ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி வருவார், சேல்ஸ் ரெப் வருவார், லோடு இறக்க வண்டி வந்து நிற்கும், சாயங்காலம் கடன் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் வருவார். இதை ஒழுங்குக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. யார் எப்போது வந்தாலும் பார்ப்பது ஒன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மணி குறித்துக் கொடுப்பது இன்னொன்று. ஆஸ்பத்திரிகளில் இருப்பதுபோல் தினமும் ஒரு பார்வை நேரம் வைத்து, அதற்குள் வருபவர்களை வரிசையாகப் பார்த்து அனுப்புவது மூன்றாவது. டைரி வாங்கலாமா, போனில் குறிக்கலாமா, ஆள் போடலாமா என்பதெல்லாம் இதை முடிவு செய்த பிறகு கேட்க வேண்டியவை. முதலில் போனில் ஆப்பை இறக்கிவிட்டுப் பிறகு பழக்கத்தை மாற்றப் பார்ப்பவர்கள் ஒரு மாதத்தில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

உற்பத்தி வேலை செய்யும் பட்டறைகளுக்குப் பார்வை நேரம்தான் சரி என்பது எங்கள் முடிவு. எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறோம்.

திறந்த கதவு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்குத் திறந்த கதவுதான் வியாபாரம். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் மொத்த வியாபாரி படியேறுகிறார். காசிமேட்டில் படகு எஞ்சின் ஸ்பேர் விற்பவருக்கும் அப்படியே. ஏலம் விடியற்காலையில் முடிந்து, கணக்கு பார்த்துவிட்டு வரும் படகுக்காரரை 'சாயங்காலம் வாங்க' என்று சொன்னால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்; சாயங்காலம் அவர் தூங்கும் நேரம். இவர்கள் பார்வை நேரம் வைக்கவே கூடாது. அவர்களுக்குத் தேவை, சேல்ஸ் ரெப்புகளுக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் என்ற கட்டுப்பாடு. அது போதும்.

பட்டறையில் கதை வேறு. லேத்தில் வேலைப் பொருளை (ஜாப்) நடுவாகப் பொருத்தும் செட்டிங்கை முதலாளியே போடும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர் ஜா சக்கில், அதாவது தனித்தனியாக முறுக்கும் நான்கு பிடிகள் (ஜா) உள்ள சுழலும் பிடிப்பானில், ஒரு வார்ப்பைப் பிடித்திருக்கிறார். ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, சக்கைக் கையால் சுற்றி, முள் எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பார்த்து, எதிரெதிர் ஜாக்களில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை முறுக்கி, ஆட்டத்தை 0.02 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகிறார். கைப்பழக்கம் உள்ளவருக்கே கால் மணி நேரம் பிடிக்கும் வேலை. நடுவில் வாசலில் ஒருவர் 'அண்ணே, ஒரு நிமிஷம்' என்றால் கேஜை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகிறார். பேச்சு பத்து நிமிடம். திரும்பி வந்தால் கடைசியாகத் தளர்த்திய ஜா எது, முறுக்கிப் பாதியில் விட்டது எது என்ற நினைவு போயிருக்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சுக்கு இருபத்தைந்து நிமிடம் போகிறது. அதைவிட மோசம், ஹெல்பர் 'செட்டிங் முடிஞ்சிருக்கும்' என்று நினைத்து, ஒரு ஜா தளர்ந்திருக்கும்போதே மெஷினை ஓடவிடுவது. சக்கிலிருந்து ஜாப் பிடுங்கிக்கொண்டு பறந்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். எழுந்து போகத்தான் வேண்டும் என்றால், சக்கில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் எந்தக் காலண்டரையும்விட முக்கியம்.

ரூபாய்க் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மெஷின் வாடகை மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்களால் தினமும் ஒன்றரை மணி நேரம் மெஷின் நின்றால் 25 வேலை நாளில் 37.5 மணி நேரம். மாதம் 15,000 ரூபாய். உங்கள் பட்டறையின் உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, வாசலருகே ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம், முதலாளியே பார்க்க வேண்டிய விஷயமா இல்லையா என்று நான்கு பத்தி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினால் கடைசிப் பத்திதான் கண்ணைத் திறக்கும். டெலிவரி எடுக்க வந்தவர், சலானில் கையெழுத்து கேட்டவர், பில் நகல் கேட்டவர் என்று பலரை ஹெல்பரே பார்த்து அனுப்பியிருக்கலாம்.

மணி குறித்துக் கொடுப்பது

ஆடிட்டர், வங்கி மேலாளர், கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் ஆகியோருக்கு மணி குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மணலியிலும் எண்ணூரிலும் உள்ள பெரிய ஆலைகளுக்குப் போவதென்றால் பதினொரு மணி சந்திப்பு என்பதை 10.15-க்கு கேட்டில் நிற்பது என்றே குறித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைக் காட்டிப் பாஸ் போட வேண்டும், உள்ளிருந்து அனுமதி வர வேண்டும், சேஃப்டி ஷூ இல்லாமல் விடமாட்டார்கள். எரிபொருள், ரசாயனம் கையாளும் இடங்களில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதும் உண்டு. அந்த இரண்டு மணி நேரம் உங்களை யாராலும் பிடிக்க முடியாது என்பதால், பட்டறையில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம், எத்தனை ரூபாய் வரை என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு மணி குறிப்பதுதான் இங்கே எடுபடுவதில்லை. காரணம் ஆட்களின் பொறுப்பின்மை அல்ல, ரோடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டினால் அரை மணிப் பயணம் ஒன்றரை மணி ஆகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 11 மணிக்கு வர வேண்டியவர் 11.50-க்கு வந்தால், 11.30-க்கு வர வேண்டியவரோடு மோதுகிறார். ஒருவர் முன்னால் இன்னொருவரிடம் ரேட் பேச முடியாது. காத்திருந்த அரை மணியில் உங்களுக்கும் மெஷினில் கை வைக்க முடியாது. 'இப்போ வந்துடுவார்' என்று டீயைக் குடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி போய்விடும்.

லிங்க் அனுப்பி வாடிக்கையாளரே நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு கூகுள் காலண்டரிலேயே இலவசமாக உண்டு. காலண்ட்லி என்பதும் அதே வேலையைச் செய்யும். பெரம்பூரில் பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர், ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துபவருக்கு இது அருமையான வசதி. ஏனென்றால் அங்கே ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ ஒரே நீளம், வருகிறவர் அக்கம்பக்கத்தார். பட்டறைப் பார்ட்டிக்கு லிங்க் அனுப்பினால் அதைத் திறக்காமலே போன் செய்து 'எப்ப வரட்டும்?' என்பார். அவரிடம் லிங்க்கை வற்புறுத்த வேண்டாம்.

பார்வை நேரம்

பார்வை நேரத்தில் நீங்கள் சொல்லுவது 11 மணி என்ற புள்ளியை அல்ல, ஒன்றரை மணி நேரக் கட்டத்தை. லாரி மறித்தால்கூட வருகிறவர் கட்டத்துக்குள் வந்துவிடுவார். தாமதத்தால் யாருக்கும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

எந்த ஒன்றரை மணி நேரம் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை 4.30 முதல் 6 வரை என்பதையே நாங்கள் சொல்வோம். முதல் காரணம், பகல் வெளிச்சத்தில் நுணுக்க வேலைகள் முடிந்திருக்கும். இரண்டாவது காரணத்தைத் தினசரி காலண்டரில் பாருங்கள். ராகு காலம் திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, வெள்ளி 10.30–12, சனி 9–10.30. எமகண்டம் திங்கள் 10.30–12, செவ்வாய் 9–10.30, புதன் 7.30–9, வியாழன் 6–7.30, வெள்ளி 3–4.30, சனி 1.30–3. திங்கள் முதல் சனி வரை எந்த நாளிலும் 4.30–6 இரண்டிலும் மாட்டுவதில்லை. உங்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, அட்வான்ஸ் கொடுக்க வரும் பார்ட்டிக்கு இருக்கலாம். புது ஆர்டரையும் செக்கையும் ராகு காலத்தில் கை மாற்ற மாட்டார்கள். 'கொஞ்சம் பொறுங்க' என்று அரை மணி உட்காருவார்கள். அந்த அரை மணியும் உங்கள் நேரம்தான்.

சனிக்கிழமை மட்டும் பார்வை நேரம் வேண்டாம். வாரச் சம்பளம் போடும் நாள். ஓவர்டைம் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியாள் உட்கார்ந்திருந்தால் ஆட்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையும் சந்திப்புக்கு உதவாது. 10.30 முதல் ராகு காலம், அது முடிந்து கொஞ்ச நேரத்தில் மண்ணடி வியாபாரிகள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். யாரும் வரமாட்டார்கள் என்பதால் கொட்டேஷன் தயாரிப்பு, ஸ்டாக் எடுப்பு, கடினமான செட்டிங் எல்லாவற்றுக்கும் வெள்ளி காலைதான் வாரத்திலேயே சிறந்த நேரம்.

90 நிமிடத்தில் ஆளுக்குக் கால் மணி என்றால் ஆறு பேரைப் பார்க்கலாம். ஆனால் வாக்குக் கொடுப்பது நான்கு பேருக்கு மட்டும் இருக்கட்டும். மீதி இரண்டு இடம் சொல்லாமல் வருகிறவர்களுக்கு. மெஷின் சத்தம் கேட்காத மூலையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வெர்னியர், வெள்ளைத்தாள், கால்குலேட்டர் எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்கேல் தேடி நான்கு முறை எழுந்தால் கால் மணி அரை மணியாகும். இரண்டு நாற்காலிக்கு மேல் போட்டால் பேசி முடித்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

பழைய பார்ட்டிகளுக்கு இதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. போர்டு மட்டும் மாட்டினால் 'பெரிய ஆளாயிட்டாரு' என்பார்கள். வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள்: 'வணக்கம் சார். உங்க ஜாப் தேதிக்கு முடியணும்னு பகல்ல நானே மெஷின்ல நிக்கிறேன். நேர்ல பேச திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் 4.30 டு 6 வாங்க. அவசரம்னா டிராயிங்க இதுல அனுப்புங்க, மதியம் ஒரு மணிக்குள்ள பதில் சொல்றேன். டெலிவரி எடுக்க எப்ப வேணா வரலாம், ஆள் இருப்பாங்க.' ஒரு மணிக்குள் பதில் என்று சொன்னால் தினமும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பார்கள்.

கெட்டுப்போவது எங்கே என்றால் விதிவிலக்கில். பெரிய பார்ட்டி ஒருவர் பகலில் வந்துவிடுகிறார், பார்க்கிறீர்கள்; அடுத்த வாரம் நான்கு பேர் வருகிறார்கள். ஆகவே விதிவிலக்கை முன்பே மூன்றாகச் சுருக்கி ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்: விபத்து, வாடிக்கையாளர் ஆலையில் மெஷின் நின்று போன பிரேக்டவுன் வேலை, அரசு அதிகாரி ஆய்வு. பணம் கொடுக்க வருபவரைப் பார்க்கக்கூட முதலாளி வர வேண்டியதில்லை. கியூஆர் கோடும் ரசீது புத்தகமும் முன்மேஜையில் இருந்தால் போதும்.

போனுக்கும் இதே கதவு வேண்டும். பில்லில் அச்சடித்த நம்பரை முன்மேஜை ஆளிடம் கொடுத்துவிட்டு, வீட்டாருக்கும் முக்கியமான சிலருக்கும் மட்டும் தெரிந்த இன்னொரு நம்பரை நீங்கள் வைத்துக்கொள்வது நல்லது. ஆள் இல்லையென்றால் வாட்ஸப் பிசினஸில் வெளியே இருக்கும்போது தானாகப் போகும் செய்தியை நேர அட்டவணை போட்டு வைக்கலாம். அந்த போனில் நெட் அணைந்திருந்தால் அது போகாது என்பது நினைவிருக்கட்டும்.

வெளியே போகும் நாள்

வருகிறவர்களை ஒரு கட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, நீங்கள் போகிற இடங்களையும் ஒரு நாளில் சேர்க்க வேண்டும். பாரிமுனைக்கு வாரம் மூன்று முறை ஓடுவதற்கு ஒரே முறை போனால் போதும். வியாழக்கிழமை தோதானது, ராகு காலம் 1.30–3 என்பது சாப்பாட்டு நேரத்தோடு போய்விடும், நடுப்பகல் வீணாகாது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு மெட்ரோவில் போவதே நல்லது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை நீண்டபின் மண்ணடி, உயர் நீதிமன்றம் ஸ்டேஷன்களுக்கு ஒரே ரயில்; கிண்டிக்கும் அதே ரயில். வியாசர்பாடிக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, பைக்தான்.

வரிசையும் முக்கியம். காலை 10.30-க்கு வங்கி, அடுத்து ராஜாஜி சாலைப் பக்கம் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட், பன்னிரண்டுக்கு மேல் ஆண்டர்சன் தெருவிலோ வேறெங்கோ சரக்கு வாங்குவது, கடைசியில் ஆடிட்டர். ஆடிட்டர் பேச்சு எப்போதும் நீளும்; அதை முதலில் வைத்தால் பின்னால் உள்ள எல்லாம் சரியும்.

போகாமலே முடிப்பது எப்போது? ரேட், தேதி, பேமெண்ட் மூன்றும் போனில் முடியும். உடைந்த பாகம், வெல்டிங் விரிசல் போன்றவற்றுக்கு வாட்ஸப் வீடியோ கால் போதும். பாகத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு தெரியாது. மூன்று பேருக்கு மேல் பேச வேண்டுமானால் கூகுள் மீட்டில் இலவசமாக ஒரு மணி நேரம், ஜூமில் 40 நிமிடம் கிடைக்கும். நறுக்கென்று முடிக்க அந்த வரம்பே உதவும். புதுப் பார்ட்டியின் முதல் ஆர்டருக்கும், சரக்கைத் திருப்பி அனுப்பும் ரிஜெக்‌ஷன் தகராறுக்கும் மட்டும் நேரில் போங்கள். தகராறைப் போனில் பேசினால் வார்த்தை தடிக்கும்.

டைரியா, போனா, ஆளா

கையில் கிரீஸோடு நிற்பவருக்கு டைரி வசதி. நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரியை வாங்கி, பக்கத்தின் கீழ்ப் பாதியை 4.30–6 என்று கோடு போட்டு ஒதுக்கிவிடலாம். ஆனால் டைரி கூப்பிட்டு ஞாபகப்படுத்தாது, வீட்டில் விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. மாதாமாதம் திரும்பி வரும் தேதிகளுக்கு அது ஆகாது. அங்கே போன் காலண்டர்தான். மாத ரிட்டர்ன் போடுபவருக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 தேதி 11, வரி கட்டும் 3பி தேதி 20. காலாண்டு முறையில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டில் காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தில் 13, 22. பிஎஃப், இஎஸ்ஐ 15. டிடிஎஸ் 7. முன்கூட்டிய வருமான வரி ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15. இவற்றைக் கடைசி நாளில் குறிப்பது வீண். 20-ஆம் தேதிக்கான வேலையை 14-ஆம் தேதி 'பர்ச்சேஸ் பில் எல்லாம் ஆடிட்டருக்குப் போச்சா?' என்ற கேள்வியாகவே குறியுங்கள்.

பேமெண்டுக்கும் இதே முறை. உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தித் தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 45 நாள் கெடு என்றால், சலானில் கையெழுத்து விழுந்த அன்றே 38-ஆம் நாளில் ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டால், கெடு தாண்டுவதற்குள் மரியாதையாக ஒரு போன் போடலாம். கெடு தாண்டியபின் போடும் போன் சண்டையாகத்தான் முடியும்.

டைரி, போன் இரண்டையும் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. யாருக்கு வாக்குக் கொடுத்தாலும் ஒன்றைப் பார்த்தே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டைரியில் ஒருவர், போனில் ஒருவர் என்று போனால் ஒரே 5 மணிக்கு இருவர் வந்து நிற்பார்கள். 'வெள்ளிக்கிழமை பாக்கலாம் சார்' என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டு வேறெங்கும் குறிக்காமல் விடுவது இன்னும் மோசம். அடுத்த நாற்பது மெசேஜில் அது புதைந்துவிடும். குறித்துவிட்டுப் பிறகு பதில் தட்டுங்கள்.

ஆள் போடுவது மூன்றிலும் சிறந்தது, செலவும் அதிகம். முழுநேர ஆள் தேவையில்லை. பில் போடத் தெரிந்த ஒருவர் மதியம் 2 முதல் 6.30 வரை வந்தால் முன்மேஜை, போன், நினைவூட்டல் மூன்றும் ஓடும். மேலே போட்ட நோட்டுக் கணக்கில் மாதம் வீணாகும் தொகை அவருடைய சம்பளத்தைவிடக் கூடுதலாக வந்தால் தயங்காமல் போடுங்கள். குறைவாக வந்தால் டைரியும் பார்வை நேரமும் போதும். வீட்டிலிருக்கும் மனைவியோ மகனோ பார்த்துக்கொள்வார்கள் என்றால் காலண்டரை அவர்களோடு பகிர்ந்துவிட்டு, புதிதாகச் சேர்க்கும் உரிமையையும் கொடுங்கள். பார்க்க மட்டும் விட்டால் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வைத்த நேரத்தை வருஷம் முழுக்க இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தால், அன்றைக்கு மட்டும் பார்வை நேரத்தைக் காலைக்கு மாற்றி முந்தின நாள் சாயங்காலமே நான்கு பேருக்கும் சொல்லிவிடுங்கள். மெஷின் நிற்கும் நேரத்தில் பேச்சை முடித்துவிட்டு மாலையில் ஓட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையேறி எஞ்சின் வேலைக்கு வரும். காசிமேட்டுக்கு ஜாப் செய்யும் பட்டறைகள் அந்த இரண்டு மாதம் காலை 8 முதல் 9 வரை இன்னொரு பார்வை நேரம் வைத்தாக வேண்டும். திங்கள் ராகு காலமும் புதன் எமகண்டமும் 7.30-க்கே தொடங்குவதால் அந்த இரண்டு நாள் மட்டும் அதை 9-க்குத் தள்ளிக்கொள்ளலாம்.